வயல் முடிந்தது, கதை முடியவில்லை

முதல் நாள்: மணிலா

இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து. வெளியே புழுக்கம் தாங்கவில்லை, உள்ளே குளிர்சாதனம் எலும்பு வரை இறங்குகிறது. போர்வை எடுத்துப் போ என்று முன்னால் போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, கேட்டேன். இங்கிருந்து நான் போகும் மலையூர் பனாவே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஒன்பது மணி நேரம் ஆகுமாம்.

நிலையத்தில் வேகவைத்த வேர்க்கடலை வாங்கினேன். மீதியாகக் கிடைத்தது ஒரு கசங்கிய இருபது பெசோ நோட்டு. அதன் பின்பக்கத்தில் நான் பார்க்கப் போகும் மலை அச்சாகி இருக்கிறது: படிப்படியாக ஏறும் நெல்வயல்கள். அதைச் செலவழிக்க மனம் வரவில்லை, டைரிக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் போவது வயல் பார்க்க மட்டும் இல்லை, ஒரு பாட்டைக் கேட்க. மூன்று வருடம் முன்னால் ஒரு ஒலிப்பதிவு கேட்டேன். ஒரு கிழவியின் குரல் தனியாக ஒரு வரியை இழுக்கிறது. அந்த வரி முடிவதற்குள் பத்துப் பதினைந்து பெண்கள் அலை மோதுவதுபோல் உள்ளே வந்து அதை வாங்கிக்கொள்கிறார்கள். மறுபடி அந்த ஒற்றைக் குரல், மறுபடி அலை. ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை. ஹுத்ஹுத் என்று பெயர். வட பிலிப்பைன்ஸ் மலையில் வாழும் இஃபுகாவ் மக்களின் காவியம். யுனெஸ்கோ 2001-ல் வாய்மொழி மரபுகளுக்கான தன் முதல் அறிவிப்பை வெளியிட்டபோது கேரளத்துக் கூடியாட்டத்தோடு இதுவும் அதில் இருந்தது. பிறகு 2008-ல் உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் முறைப்படி சேர்த்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கதைப்பாடல்கள், ஒவ்வொன்றிலும் சுமார் நாற்பது பகுதிகள். ஒன்றை முழுசாகப் பாட மூன்று, நான்கு நாள் ஆகும்.

எனக்கு இருப்பது ஆறு நாள்.

இரண்டாம் நாள்: பனாவே

விடியற்காலையில் இறங்கினேன். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம். ஜூலை மாதம், மழைக்காலம்தான், ஆனாலும் காலையில் வானம் வெளுத்து இருந்தது. மலை முழுக்கக் கைரேகைபோல் வரப்புகள். ஊருக்கு மேலே சாலையோரத்தில் நின்று பார்க்கும் இடத்துக்கு மூன்று சக்கர வண்டியில் போனேன்.

ஒரு விஷயம் இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. நோட்டில் அச்சான இந்தப் புகழ்பெற்ற காட்சி 1995-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் வராது. அதில் இருப்பவை ஐந்து இடங்கள்: பதாத், பங்கான், மயோயாவ், ஹுங்துவான், கியாங்கனில் இருக்கும் நகாகதன். பராமரிப்பு இல்லாமல் வயல்கள் பாழாகின்றன என்று 2001-ல் ஆபத்துப் பட்டியலில் போட்டு, 2012-ல்தான் எடுத்தார்கள். பாட்டுக்குக் கௌரவமும் வயலுக்கு ஆபத்து முத்திரையும் ஒரே வருடத்தில் வந்திருக்கின்றன. அதை வெறும் தற்செயலாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த வயல்களுக்கு இரண்டாயிரம் வயது என்று எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கிறது. ஆனால் ஸ்டீபன் அகபாடோ என்ற தொல்லியலாளரும் அவரோடு வேலைசெய்தவர்களும் கியாங்கன் பக்கம் தோண்டிப் பார்த்துவிட்டு வேறு விதமாகச் சொல்கிறார்கள். முன்பு இங்கே விளைந்தது சேப்பங்கிழங்கு. ஸ்பானியர் வந்து பள்ளத்தாக்குகளைப் பிடித்த பிறகு, அவர்களுக்குப் பிடிகொடுக்காமல் மலையேறிய மக்கள்தான் கடந்த சுமார் நானூறு ஆண்டுகளில் பெருமளவில் நெல்வயல் வெட்டினார்கள் என்கிறார்கள். வயது குறைந்துவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கணக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தலை குனிய மறுத்தவர்கள் சில தலைமுறைக்குள் ஒரு மலைத்தொடரையே வயலாக்கினார்கள் என்றால் அது சாதாரணக் காரியமா?

காட்சி முனையில் நாலைந்து மூதாட்டிகள் மரபு உடையில், தலையில் இறகு செருகி உட்கார்ந்திருந்தார்கள். புகைப்படம் எடுத்தால் சில்லறை கொடுக்க வேண்டும். நான் படம் எடுக்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு பாட்டி மடியில் இருந்து சின்னப் பையைப் பிரித்தார். வெற்றிலை, பச்சைப் பாக்கு, ஒரு டப்பாவில் சுண்ணாம்பு. இங்கே மோமா என்கிறார்கள். எப்படிப் போடுவது என்று அவர் சொல்லித்தர ஆரம்பிக்கும் முன்பே நான் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வழிகாட்டிப் பெண் மொழிபெயர்த்தாள். "அபு, ஹுத்ஹுத் பாடுவீர்களா?" என்று கேட்டேன். தாத்தா பாட்டிகளை அபு என்றுதான் அழைக்கிறார்கள். பாட்டி தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "அது வயலில். இங்கே இல்லை."

மூன்றாம் நாள்: கியாங்கன்

லகாவே வழியாகக் கியாங்கன் வந்தாயிற்று. வழிகாட்டிக்குச் சொந்த ஊர் இதுதான். அவளுடைய பெரியம்மா வீட்டில் தங்கல். ஹுத்ஹுத்தின் மொழியும் இந்தப் பக்கத்து மொழிதான், துவாலி.

ஊர் நடுவே பெரிய கூம்புக் கூரையோடு ஒரு நினைவிடம் நிற்கிறது. 1945 செப்டம்பர் 2-ஆம் தேதி ஜப்பானியத் தளபதி யமாஷிதா மலையிலிருந்து இறங்கி வந்து இந்த ஊரில்தான் சரணடைந்தார். மறுநாள் பாகியோ நகரில் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தானது. போர் முடிந்ததற்கான நினைவிடத்தை இஃபுகாவ் வீட்டுக் கூரையின் வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு வந்தேன்.

உண்மையான இஃபுகாவ் வீட்டைப் பிற்பகலில்தான் பார்த்தேன். பாலே என்று பெயர். நான்கு மரத்தூண்கள் மேல் நிற்கும் ஒற்றை அறை. தூண் ஒவ்வொன்றின் தலையிலும் உருளையாக ஒரு மரத்தடை, எலி ஏற முடியாமல் இருக்க. ஏணியை இரவில் மேலே இழுத்துக்கொள்வார்கள். உள்ளே இருட்டு, புகை வாசம், பரணில் நெல்கட்டுகள். நெல்லுக்குக் காவலாக புலூல், மரத்தில் செதுக்கிய ஆணும் பெண்ணும், குந்தி உட்கார்ந்து முழங்கால்மேல் கை வைத்திருக்கிறார்கள். நெடுங்காலப் பலிச் சடங்குகளில் ரத்தம் பூசிப் பூசி மரம் கறுத்துப் பளபளக்கிறது. சடங்கு செய்பவர் மும்பாகி, அவர் ஆண். ஹுத்ஹுத் பாடுவது பெரும்பாலும் பெண்கள். துவாலியில் 'முன்' என்ற முன்னொட்டு 'செய்பவர்' என்று பொருள் தரும்: பாகி என்ற சடங்கைச் செய்பவர் மும்பாகி, ஹுத்ஹுத்தில் முதற்குரல் கொடுப்பவள் முன்ஹாவே. முன்னால் பாடுகிறவளுக்கு 'முன்' என்று தொடங்கும் பெயர், என் காதுக்கு அது வேறொரு மாதிரி இனிக்கிறது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மா கதையைச் சொன்னார். பாட்டாக இல்லை, வெறும் கதையாக. "பாட்டை நாளைக்கு வயலில் கேள், இன்றைக்கு யார் யார் என்று தெரிந்துகொள்" என்றார்.

ஹன்னாங்கா என்றொரு ஊர். அங்கே அம்தலாவ், அவன் மனைவி துமுலாவ். அவர்கள் மகன் அலிகுயோன். சின்ன வயதிலேயே அப்பாவிடம் போர்க் கலையும் மந்திரப் பாட்டுகளும் கற்றுக்கொண்டான், ஊர்ப் பிள்ளைகளுக்கு அவன்தான் தலைவன். அப்பாவுக்குத் தலிக்திகன் என்ற ஊரில் பங்கையிவான் என்று ஒரு பழைய பகைவன். வளர்ந்ததும் அலிகுயோன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு அந்தப் பகையைத் தீர்க்கப் போகிறான். போய் அறைகூவினால், எதிரே வருவது பங்கையிவான் இல்லை. அவன் மகன் பும்பக்காயோன்.

அலிகுயோன் ஈட்டியை எறிகிறான். பும்பக்காயோன் ஒதுங்கவில்லை. பறந்து வரும் ஈட்டியை ஒரு கையால் பிடித்துத் திருப்பி எறிகிறான். அலிகுயோனும் அதைப் பிடிக்கிறான். மறுபடி எறிகிறான். இப்படி ஒன்றரை வருடம் தலிக்திகனில் நடக்கிறது. யாரும் தோற்கவில்லை. பிறகு பும்பக்காயோன் கிளம்பி ஹன்னாங்காவுக்கு வருகிறான். அங்கே இன்னொரு ஒன்றரை வருடம்.

"யார் ஜெயித்தார்கள் பெரியம்மா?"

"ஒருவனும் ஜெயிக்கவில்லை. மூன்று வருடம் ஒருத்தன் ஈட்டியை இன்னொருத்தன் பிடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அவன் கை எனக்குத் தெரியும், என் கை அவனுக்குத் தெரியும். அப்புறம் எப்படிக் கொல்வது?"

சண்டையை நிறுத்திவிட்டுப் பேசுகிறார்கள். அலிகுயோன் பும்பக்காயோனின் தங்கை புகனைக் கல்யாணம் செய்கிறான். பும்பக்காயோன் அலிகுயோனின் தங்கை அகினாயாவை. இரண்டு ஊரும் சம்பந்திகள் ஆகின்றன. அரிசிக் கள் குடித்து, வெண்கலத் தட்டு மணிகளை அடித்து, நாள்கணக்கில் விருந்து.

புகனை அழைத்துப் போகும்போது அவள் சின்னக் குழந்தை, அவளை வளர்த்துப் பெரியவளானதும்தான் கல்யாணம் என்று பெரியம்மா சொன்னபோது நான் நெளிந்தேன். அந்தப் பெண்களின் விருப்பத்தை யாராவது கேட்டார்களா என்று கேட்டேன். பெரியம்மா வெற்றிலையை மென்றுகொண்டே, "இந்தப் பாட்டில் கேட்கவில்லை. வேறு பாட்டுகளில் புகன் வீட்டைவிட்டுக் கிளம்பி அவளே தேடிப் போவாள்" என்றார். எல்லாப் பாட்டிலும் நாயகி பெயர் பெரும்பாலும் புகன்தான். ஒரே புகன் இல்லை, பல புகன்கள்.

நான்காம் நாள்: நகாகதன்

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நடுவே ஓர் ஆறு, இரண்டு கரையிலும் படிவயல்கள் எதிரெதிரே ஏறுகின்றன. வயல்களுக்கு மேலே காடு. அந்தக் காட்டுக்கு முயோங் என்று பெயர், குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துவைத்துக் காக்கிறார்கள். காடு தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, ஊற்று முதல் வயலை நிரப்புகிறது, வழிந்தால் அடுத்தது, அப்புறம் அதற்கும் கீழே. மேல் வயல்காரர் வரப்பை விட்டுவிட்டால் கீழே இருக்கும் அத்தனை பேருக்கும் கேடு.

வரப்பு ஒரு பாதம் வைக்கும் அகலம். ஒரு பக்கம் சேறு, மறு பக்கம் ஆளுயரத்துக்கு மேல் கல்சுவர். முன்னே போன பெண் முதுகில் கூடையோடு திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள்.

அறுக்கப் போவது தினாவோன். ஆண்டுக்கு ஒரே போகம் தரும் பழைய நெல், பெயரின் பொருளே அதுதான். நட்டபிறகு ஆறு மாதமாவது ஆகும். உயரமான தாள், கனத்த கதிர். அரிவாள் கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு கத்தி, விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதிராகக் காம்போடு கிள்ளுவதுபோல் அறுக்கிறார்கள். இடது கை நிறைந்ததும் ஒரு கட்டு. எனக்கும் ஒரு கத்தி கொடுத்தார்கள். அரை மணியில் மூன்று கட்டு தேறியது. பக்கத்துப் பெண்மணிக்கு அதற்குள் இருபது இருக்கும்.

வயலில் பன்னிரண்டு பேர், எல்லோரும் பெண்கள், இரண்டு சிறுமிகளையும் சேர்த்து. ஆண்கள் கட்டுகளைச் சுமந்து போகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால், யாரும் ஆரம்பிக்கச் சொல்லாமலே, நடுவில் நின்ற மிக வயதான பெண்மணி குனிந்தபடியே பாட ஆரம்பித்தார்.

எட்டு அடிக்குள் நான். அவர் குரல் பெரிய குரல் இல்லை. கொஞ்சம் கம்மிப்போன, மூக்கோடு வரும் குரல். ஒரு வரியின் முதல் பாதியை இழுத்துப் பாடுகிறார், யாரோ எங்கோ நிற்கிறார்கள், என்னவோ செய்கிறார்கள். அந்த யார், எங்கே என்பதற்குப் பெயர் வரவேண்டிய இடத்தை அவர் தொட்ட உடனே பதினொரு பேரும் ஏறிக்கொள்கிறார்கள். "அலிகுயோன், நாக் அம்தலாவ்." அம்தலாவின் பிள்ளை அலிகுயோன். பிறகு ஊர்ப் பெயர், "அத் ஹன்னாங்கா". கடைசி உயிரெழுத்தை இழுத்து இழுத்து மலைக்கு அந்தப் பக்கம் வரை கொண்டுபோய் விடுகிறார்கள். அது தேய்வதற்குள் கிழவி அடுத்த வரிக்குள் போய்விட்டார்.

பின்பாட்டுக்காரிகளுக்கு முன்அப்பூய் என்று பெயர். நம்மூர்ப் பின்பாட்டு பாடியதைத் திருப்பிப் பாடும். இது அப்படி இல்லை. இங்கே முதற்குரல் வரியை முடிப்பதே இல்லை, முடிப்பது மற்றவர்கள். அவர்களுக்குக் கதை தெரியாவிட்டால் பாட்டு அந்தரத்தில் நின்றுவிடும். எந்த ஊர், யார் மகன், யார் வாசல் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தால்தான் ஒரு வரி நிறைவேறும். ஒலிப்பதிவில் அலை என்று நினைத்தேனே, அது இந்தப் பெயர்களும் ஊர்களும்தான். மூன்று வருடமாகப் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தது பெரும்பாலும் ஒரு தகப்பன் பெயரும் ஓர் ஊர்ப் பெயரும்.

ராகம் ஒன்றே ஒன்றுதான். சண்டைக்கும் அதே, வெற்றிலை போடுவதற்கும் அதே. இந்தக் காவியத்தில் ஆட்கள் ஓயாமல் வெற்றிலை போடுகிறார்கள்! ஈட்டி எறியப் போகும் முன், விருந்தாளி வந்ததும், பேச்சைத் தொடங்கும் முன். சலிப்பாக இருக்கும் என்று நினைப்பீர்கள். வேலை செய்துகொண்டே கேட்டால் சலிக்கவில்லை. கை ஒரு கதியில் போகிறது, பாட்டும் அதே கதியில் போகிறது, எப்போது பத்து மணி ஆனது என்று தெரியவில்லை. உட்கார்ந்து கேட்கும் ஆளுக்காகச் செய்த பாட்டு இல்லை இது. என் கையில் கத்தி இல்லாமல் இருந்திருந்தால் இது எனக்குப் பாதிதான் கிடைத்திருக்கும்.

வழிகாட்டி என் காதருகே வந்து வந்து சொன்னாள்: இப்போது தலிக்திகன் வயல். இப்போது ஈட்டி போகிறது. பிடித்துவிட்டான். சிறுமிகளில் ஒருத்தி, ஏழு வயது இருக்கும், "நாக் பங்கையிவான்" என்ற இடத்தில் எல்லோரையும் முந்திக்கொண்டு கத்தினாள். கிழவி பாட்டை நிறுத்தவில்லை, அவள் பக்கம் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். அடுத்த முறை அவள் சரியான இடத்தில் சேர்ந்துகொண்டாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு வயல் முடிந்தது. கிழவி நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். பாட்டும் நின்றது. ஈட்டி எங்கே இருந்ததோ அங்கேயே.

ஐந்தாம் நாள்: மழை

இரவெல்லாம் பெய்து இன்னும் விடவில்லை. ஈரக் கதிரை அறுக்க மாட்டார்கள். கிழவி வீட்டுத் திண்ணையில் நாள் போனது.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், கற்றுத்தரவில்லை, அம்மாவுக்குப் பக்கத்து வரிசையில் அறுத்தேன் என்கிறார். முதலில் பின்பாட்டு. அப்புறம் ஒருநாள் முதற்குரல் இருமியபோது இவர் அடுத்த வரியை எடுத்தாராம். அவ்வளவுதான் அரங்கேற்றம்.

அறுவடை தவிர வேறு எப்போது பாடுவீர்கள் என்று கேட்டேன். சாவு வீட்டில் பாடுவோம் என்றார். வசதியான பெரியவர் இறந்தால் இரவு முழுக்க உட்கார்ந்து பாடுவார்கள், அதற்கு வேறு ஹுத்ஹுத். ஆண் பிள்ளைக்கு முடி வெட்டும் சடங்குக்கு இன்னொன்று. வருடங்கள் கழித்து இறந்தவர் எலும்பை எடுத்துக் கழுவி, புதுத் துணியில் சுற்றித் திரும்ப வைக்கும் சடங்கிலும் உண்டு.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் கேட்டேன். இந்தக் கதைகளில் வருகிறவர்கள் எல்லோரும் கதங்யான்கள், அதாவது நிறைய வயல் உள்ள பணக்காரர்கள். இந்த வயலோ இவருடையது இல்லை. கூலிக்கு அறுக்கிற நீங்கள் ஏன் பணக்காரர் பெருமையைப் பாடுகிறீர்கள்? கிழவி யோசித்தார். "அவன் சாப்பாடு போடுகிறானே. பாட்டில் வரும் விருந்துக்கு ஊரே வருகிறது, ஒருத்தரும் பசியோடு திரும்பவில்லை. பணக்காரன் எப்படி இருக்க வேண்டும் என்று அவன் வயலில் நின்று, அவன் காதில் விழும்படி பாடுகிறோம்." இதை வழிகாட்டி மொழிபெயர்த்து முடித்ததும் நான் எழுதிக்கொள்ளக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் கூலி வயலிலும் இப்போது பாட்டு குறைந்துவிட்டது. தாழ்நிலத்து நெல் ரகங்கள் வந்துவிட்டன, வருடத்துக்கு இரண்டு போகம், அரிவாளால் அறுத்து உடனே அடித்துவிடலாம். நம்மூருக்கு வந்த ஐ.ஆர்.8 நெல்லும் 1966-ல் இதே நாட்டின் லோஸ் பான்யோஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் வெளியானது. பசியைத் தீர்த்த நெல் அது, குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அரிவாள் அறுவடையில் நாலு நாள் கதைக்கு இடமில்லை. பிள்ளைகள் படித்து பாகியோவுக்கும் மணிலாவுக்கும் போகிறார்கள். தேவாலயத்துக்குப் போக ஆரம்பித்ததும் பழைய பாட்டு எதற்கு என்று விட்டவர்களும் உண்டு. அதேசமயம் கதையை முதலில் ஏட்டில் ஏற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு பாதிரியார்தான். பெல்ஜியத்திலிருந்து வந்த பிரான்சிஸ் லாம்ப்ரெக்ட், 1924-லேயே இந்த மலைக்கு வந்தவர், பல வருடம் பாடகிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் எழுதி எடுத்த ஹுத்ஹுத் ஒன்றில் அலிகுயோன் போருக்குக் கிளம்பக் காரணமே பனைமர ஓலைச் சலசலப்பைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதுதான். அந்த இடத்தை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

இப்போது பள்ளிகளில் ஹுத்ஹுத் சொல்லித்தருகிறார்கள், போட்டி வைக்கிறார்கள். அரசின் பண்பாட்டு ஆணையம் 'வாழும் மரபுப் பள்ளி' என்று ஊர்களில் மூத்தவர்களைக்கொண்டு வகுப்பு நடத்துகிறது. நேற்று முந்திக்கொண்டு பாடிய சிறுமியும் அப்படி ஒரு வகுப்புக்குப் போகிறாள். மேடையில் கைகட்டி நின்று பத்து நிமிடத்துக்குள் பாடி முடிக்க வேண்டும், கதிர் இல்லை, சேறு இல்லை. இது போதாது என்று முதலில் தோன்றியது. பிறகு நேற்று அவள் வயலில் சேர்ந்துகொண்ட இடத்தை நினைத்துப் பார்த்தேன். ஊர்ப் பெயர்களும் தகப்பன் பெயர்களும் வகுப்பிலேயே தெரிந்திருந்ததால்தான் அவளால் வயலில் வாய் திறக்க முடிந்தது.

ஆறாம் நாள்: நகாகதன், வேறொரு வயல்

மழை விட்டது. இரவுப் பேருந்துக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது, ஆனால் காலை இருக்கிறதே. ஆற்றுக்கு அந்தக் கரையில் இன்னொருவர் வயல். அதே பெண்கள், கூடுதலாக மூன்று பேர். கிழவி என்னைப் பார்த்ததும் கத்தியை நீட்டினார்.

தொடங்கியது. முதலிலிருந்து இல்லை. முந்தாநாள் ஈட்டி நின்ற இடத்திலிருந்து. யாரும் முன்கதை சொல்லவில்லை, யாருக்கும் தேவையும் இல்லை. ஒன்றரை வருடம் முடிந்து பும்பக்காயோன் தன் ஆட்களோடு ஹன்னாங்காவுக்குப் புறப்பட்டான். வழியில் ஓர் ஆறு, ஓர் ஏற்றம், ஒரு கிராமத்தின் விளிம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் பதினான்கு பேரின் பெயர் சொல்லல். தூரத்தை இந்தப் பாட்டு சுருக்குவதே இல்லை. நடந்துதான் போக வேண்டும் என்றால் பாட்டிலும் நடந்துதான் போக வேண்டும்.

பத்து மணிக்கு வெற்றிலைக்கு நிறுத்தினார்கள். பும்பக்காயோனும் அப்போது ஹன்னாங்கா எல்லையில் வெற்றிலை போட்டுக்கொண்டுதான் இருந்தான். வழிகாட்டி இதைச் சொன்னதும் நான் கிழவியைப் பார்த்தேன். அவர் பாக்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த சுற்றில் என்னால் ஓர் இடத்தைப் பிடிக்க முடிந்தது. "நாக் அம்தலாவ்." குரலை எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்று தெரியவில்லை, பக்கத்துப் பெண்மணியின் மூச்சைப் பார்த்து நிறுத்தினேன். "அத் ஹன்னாங்கா" வந்தபோது இன்னும் கொஞ்சம் தைரியமாக. என் கட்டுகள் இன்று ஒன்பது.

ஒரு மணிக்கு எங்கள் வரிசை கல்சுவரைத் தொட்டுவிட்டது. சின்ன வயல். கடைசிக் கதிரை அந்தச் சிறுமிக்கு விட்டுவைத்தார்கள். அவள் அறுத்துக் கட்டில் செருகியதும் பாட்டு நின்றது.

எல்லோரும் கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு வரப்பில் வரிசையாக ஏறுகிறார்கள். முடிவு எனக்குத் தெரியும். இரண்டு கல்யாணம், பெரிய விருந்து, பெரியம்மா சொல்லிவிட்டார். ஆனாலும் வழிகாட்டி மூலம் கிழவியிடம் கேட்டேன், மீதி எப்போது?

இப்போது அலிகுயோன் தன் ஊர் வயலில் நிற்கிறான், ஈட்டி பும்பக்காயோன் கையில் இருக்கிறது. அடுத்த வயல் வியாழக்கிழமை.